இரண்டு தரம் மாறும் காசு: வன்னியின் ஒன்லைன் கொள்வனவும் கண்ணுக்குத் தெரியாத கழிவும்

வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்திருக்கும் வன்னி வீடுகளில் தொலைபேசிப் பேச்சு, சுகம் விசாரித்து முடிந்ததும் இரண்டு கேள்விகளுக்கு வந்து நிற்கும். "இண்டைக்கு றேற் என்ன?" "அப்ப கையில எவ்வளவு வரும்?" பரந்தனிலோ விசுவமடுவிலோ நெடுங்கேணியிலோ இந்தக் கணக்குத் தெரியாத வீடு அரிது. பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட ஒரு தாய்கூட கனேடிய டொலரும் சுவிஸ் பிராங்கும் நேற்று எவ்வளவு போயின, இன்று எவ்வளவு போகின்றன என்று சொல்லிவிடுவார். ஆனால் அதே வீட்டுப் பிள்ளை கைபேசியைத் திறந்து ஒரு வெளிநாட்டுக் கடையில் கார்ட் எண்ணைக் கொடுக்கும்போது இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. பொருளின் விலை தெரிகிறது, அனுப்புகூலி தெரிகிறது. ரூபாய் டொலராக மாறும் இடத்தில் எவ்வளவு கழிகிறது என்பது தெரிவதில்லை.

அந்தக் கழிவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொழும்பில் சம்பளம் எடுத்துக் கொழும்பிலேயே செலவழிக்கும் ஒருவருக்கு இது சிறிய தொந்தரவாகத் தோன்றலாம். வன்னிக்கு அப்படியில்லை. இங்கே செலவாகும் காசில் ஒரு பெரும் பங்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் உழைக்கப்பட்டு வருவது. வரும்போது அது ஒருமுறை ரூபாயாகிறது. பிள்ளையின் படிப்புக்கோ தொழிலுக்கோ வெளிநாட்டில் எதையாவது வாங்கும்போது மறுபடியும் டொலராகிறது. இரண்டு மாற்றத்திலும் கழிவு உண்டு, இரண்டையும் ஒரே குடும்பமே தாங்குகிறது.

முதலில் கடைப்பக்கத்தைப் பார்ப்போம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. அங்கே படிக்கும் ஒரு மாணவி தன் செயற்திட்டத்துக்கு ஒரு சிறிய மின்னணுப் பலகையும் உணரிகளும் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சீனக் கடையொன்றின் தளத்தில் விலை 40 டொலர். அன்றைக்கு வங்கிகளுக்கு இடையில் ஒரு டொலர் 300 ரூபாய் போகிறது என்றால் மனக்கணக்கில் 12,000 ரூபாய். ஆனால் கணக்கறிக்கையில் வருவது அந்தத் தொகையாக இராது.

ஏன் என்று படிப்படியாகப் பார்க்கலாம். வீசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்புகள் ஒவ்வொரு நாளும் தமக்கென ஒரு மாற்று வீதத்தை நிர்ணயிக்கின்றன. அது சந்தை நடுவீதத்துக்கு மிக அருகில் இருக்கும். இங்கே ஒரு சதவீதம் கூட என்று எடுத்தால் 12,120 ரூபாய். அதன்மேல் கார்டை வழங்கிய வங்கி தன் பங்கைச் சேர்க்கும். 3 சதவீதம் என்று வைத்தால் 12,484. கடனட்டையால் வெளிநாட்டுக் கொடுப்பனவு செய்தால் அரசின் முத்திரைத் தீர்வையும் வரும். அந்தத் தீர்வையின் வீதமும் வடிவமும் வரவுசெலவுத் திட்டங்களோடு மாறி வந்திருக்கின்றன, கணக்குக்காக 2.5 சதவீதம் என்று கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 12,800. பிள்ளை நினைத்ததைவிட 800 ரூபாய் அதிகம். கணக்கறிக்கையிலோ இவை தனித்தனி வரிகளாக விழாமல், பெரும்பாலும் ஒரே தொகையாகவும், சில வேளை தீர்வை மட்டும் பிரிந்தும் வரும். வங்கியின் 3 சதவீதம் மாற்று வீதத்துக்குள்ளேயே கரைந்திருப்பதால் அதைக் கண்டுபிடிக்க அன்றைய வலையமைப்பு வீதத்தை எடுத்து நாமே வகுத்துப் பார்க்க வேண்டும். வீசாவும் மாஸ்டர்கார்ட்டும் அந்த வீதங்களைத் தம் இணையத்தளங்களில் நாள்தோறும் போடுகின்றன. ஒருமுறையாவது இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பது நல்லது. தன் கார்ட் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்பது வங்கி விளம்பரத்தில் கிடைக்காது, இந்தக் கணக்கில் கிடைக்கும்.

இன்னொரு விடயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாற்று வீதம் நாம் வாங்கும் நிமிடத்து வீதம் அல்ல. கடைக்காரர் வங்கியூடாகக் கணக்கைத் தீர்க்கும் நாளில் உள்ள வீதமே பெரும்பாலும் செல்லுபடியாகும். இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகலாம். ரூபாய் நிலையாக இருக்கும் காலத்தில் இது பெரிதில்லை. ரூபாய் சரிந்த 2022 மார்ச் மாதத்தைப் போன்ற நாட்களில், இடையில் வந்த இரண்டு நாளிலேயே விலை வேறாகிவிடும். பொருள் பழுதாகித் திருப்பியனுப்பினால் கதை இன்னும் மோசம். கடைக்காரர் 40 டொலரையும் முழுதாகத் திருப்பித் தந்தாலும், அது வேறொரு நாளின் வீதத்தில் ரூபாயாகும்; முதல் தடவை வங்கி சேர்த்த பங்கும் தீர்வையும் தாமாகத் திரும்பி வருமென்று எண்ண முடியாது. ஆகவே அளவு சரியா, நிறம் சரியா என்று சந்தேகமுள்ள உடுப்புகளை வெளிநாட்டுக் கடையில் வாங்கித் திருப்பும் பழக்கம், கார்டில் வாங்குகிறவருக்குக் கட்டுபடியாகாது.

அடுத்து, பலர் நல்லதென்று நம்பிச் செய்யும் ஒரு தெரிவு. பணம் செலுத்தும் பக்கத்தில் சில தளங்கள் இரண்டு வழி காட்டும்: டொலரில் செலுத்தவா, இலங்கை ரூபாயில் செலுத்தவா? ரூபாயைக் கண்டதும் மனம் ஆறுகிறது. எவ்வளவு வெட்டுவார்கள் என்று இப்போதே தெரிகிறதே என்று அதைத் தெரிவுசெய்கிறோம். ஆனால் அந்த ரூபாய்த் தொகையைக் கணித்தது நம் வங்கி அல்ல. கடைக்காரரும் அவருடைய கொடுப்பனவு நிறுவனமும் தாங்கள் விரும்பிய வீதத்தில், தங்கள் இலாபத்தையும் சேர்த்துக் கணித்த தொகை அது. அதே 40 டொலர் அங்கே 12,600 என்று காட்டப்படலாம். அதோடு முடியுமென்றும் இல்லை. காசு ரூபாயில் வெட்டப்பட்டாலும் கடை வெளிநாட்டில் பதிவானது என்பதால், எல்லை கடந்த கொடுப்பனவுக்கான கட்டணத்தை அறவிடும் வங்கிகள் உண்டு. அப்படியானால் மாற்றத்துக்கு இரண்டு பேரும் எடுத்தாயிற்று. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை: விற்பவர் எந்த நாணயத்தில் விலை வைத்திருக்கிறாரோ அந்த நாணயத்திலேயே செலுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இதை நுகர்வோர் தலையில் போட்டுவிட்டு இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டு அது நிறைவேற்றிய ஒழுங்குவிதி, 2020 ஏப்ரலில் இருந்து, இப்படி நாணயம் மாற்றித் தருபவர்கள் ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்துக்கு மேல் எத்தனை சதவீதம் எடுக்கிறார்கள் என்பதை வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும் முன்பே காட்ட வேண்டும் என்றது.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. கார்டால் வெளிநாட்டில் செலவழித்தவர்களிடம் வலையமைப்புகளும் வங்கிகளும் சேர்ந்து மாற்றுக் கட்டணத்தை வீதத்துக்குள் மறைத்து அறவிட்டன என்று தொடரப்பட்ட வழக்கு, 2006இல் 336 மில்லியன் டொலர் இணக்கத்துக்கு வந்தது. ஒவ்வொருவரிடமிருந்தும் போனது சில டொலர்கள்தான். கோடிக்கணக்கானவர்களிடமிருந்து எடுத்தபோது அது அவ்வளவு பெரிய தொகையாயிற்று. மறைந்திருக்கும் கட்டணத்தைச் சின்ன விடயம் என்று ஒதுக்கக்கூடாது என்பதற்கு இந்த வழக்கை நான் எப்போதும் எடுத்துச் சொல்வதுண்டு.

இனி மறுபக்கம், காசு வந்துசேரும் வழி. வன்னியில் இதற்கு நீண்ட கதை இருக்கிறது. அந்தக் கதை தெரியாமல், வங்கியை விட்டு உண்டியல் என்ற முறைசாரா வழிக்கு ஏன் மக்கள் போனார்கள் என்பதை விளங்கிக்கொள்ள முடியாது.

போர்க்காலத்தில் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோதும் அங்கே புழங்கியது இலங்கை ரூபாய்தான். 1994இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகமும் அந்த ரூபாயிலேயே வைப்பை ஏற்றது, கடன் கொடுத்தது. அரச ஊழியரின் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. இலங்கை வங்கி, மக்கள் வங்கி ஆகியவற்றின் கிளைகளும் இயங்கின. ஆனால் தொலைபேசி இல்லை. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறக்கும் வரை, வெளிநாட்டுப் பிள்ளையோடு பேசுவதற்கும் அவர் அனுப்பியதை எடுப்பதற்கும் வவுனியாதான் வாசல். வவுனியா நகரின் கொமினிக்கேசன் கடைகளில் அழைப்புக்காகக் காத்திருந்தவர்களை அந்த நாட்களில் அங்கே நின்ற எவரும் மறக்கமாட்டார்கள். அழைப்பு வரும் இடமும் காசு கைமாறும் இடமும் பல வேளைகளில் ஒன்றாகவே இருந்தன. வன்னிக்குள் வந்துசேர்வதற்குள் கைமாற்றியவர்களுக்கெல்லாம் ஒரு பங்கு போனது. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியது. 2009இல் எல்லாவற்றையும் இழந்து செட்டிகுளம் முகாம்களுக்குள் போன குடும்பங்களுக்கு, வெளிநாட்டு உறவு எப்படியாவது அனுப்பிய காசுதான் பால்மாவும் சவர்க்காரமும் ஆனது.

உண்டியல் அப்படி வேரூன்றிய முறை. ரொறன்ரோவில் ஒருவர் ஒரு கடைக்காரரிடம் டொலரைக் கொடுக்கிறார். அந்தக் கடைக்காரரின் ஆள் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருக்கிறார். தொலைபேசியில் பெயரும் தொகையும் இடமும் போகிறது. மோட்டார் சைக்கிளில் வந்தவர் படலையடியில் நின்று காசை எண்ணிக் கொடுக்கிறார். அங்கேயே அழைப்பெடுத்து "கிடைச்சிட்டுது" என்று சொல்லச் சொல்கிறார். டொலர் கனடாவை விட்டு நகரவே இல்லை. கொழும்பில் இறக்குமதி செய்யும் யாரோ ஒருவருக்கு வெளிநாட்டில் டொலர் தேவை, அவரிடம் இங்கே ரூபாய் இருக்கிறது. இரண்டு தேவையும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

இந்த ஈடுசெய்தல் கேவலமான தந்திரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2011இல் லண்டனில் வைஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இரண்டு எஸ்தோனியர்கள், தாவெட் ஹின்ரிக்குஸும் கிறிஸ்தோ கார்மனும், அந்த எண்ணத்துக்கு வந்தது இதே வழியில்தான். ஒருவருக்குச் சம்பளம் யூரோவில், செலவு லண்டனில் பவுணில். மற்றவருக்குச் சம்பளம் பவுணில், வீட்டுக்கடன் எஸ்தோனியாவில். இருவரும் அன்றைய நடுவீதத்தைப் பார்த்து, ஒருவர் மற்றவரின் கணக்கில் காசைப் போட்டார்கள். வங்கிக்கு எதுவும் போகவில்லை. அந்த ஏற்பாட்டை உரிமம், மேற்பார்வை, பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு செய்தபோது அது உலகளாவிய நிறுவனமாயிற்று. நம் கடைக்காரர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்தது உரிமமும் பற்றுச்சீட்டும் இல்லாமல். வேறுபாடு அங்கேதான், ஆனால் அது சிறிய வேறுபாடும் அல்ல. காசு வராமல் போனால் கேட்க ஆள் இல்லை. யாருடைய காசு நம் கணக்கில் வைப்பிடப்படுகிறது என்று தெரியாது. அது குற்றக் காசாக இருந்தால் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் சந்தேகம் நம்மீது வரும்.

வன்னியில் இன்னொரு அச்சமும் இருந்தது. 2014இல் அரசாங்கம் 16 அமைப்புகளையும் 424 தனியாட்களையும் வர்த்தமானியில் தடைசெய்து, அவர்களோடு காசுத் தொடர்பு வைப்பதையும் குற்றமாக்கியது. பட்டியலில் எவர் இருக்கிறார், எவர் இல்லை என்று தெரியாத கிராமத்துக் குடும்பத்துக்கு, வங்கிப் புத்தகத்தில் வெளிநாட்டுப் பெயர் விழுவதே பயமாயிற்று. வீதம் மட்டும் பார்த்து மக்கள் உண்டியலைத் தெரிவுசெய்தார்கள் என்று பொருளியலாளர்கள் எழுதும்போது, இந்தப் பயத்தின் விலை அவர்களின் கணக்கில் வருவதே இல்லை.

வீதமும் காரணம்தான், அதை மறுப்பதற்கில்லை. 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் 7 வரை மத்திய வங்கி டொலரை 203 ரூபாய்க்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. வெளியில் அது 240 வரை போனது. 200 டொலர் அனுப்பினால் வங்கியில் 40,600 ரூபாய், உண்டியலில் 48,000. முறையான வழியில் அனுப்பும் புலம்பெயர் தொழிலாளர் காசுக்கு டொலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகையை 2021 டிசெம்பரில் மத்திய வங்கி அறிவித்தது. அதைச் சேர்த்தாலும் 42,600தான். 5,400 ரூபாய் வித்தியாசம் முல்லைத்தீவில் ஒரு குடும்பத்துக்கு அரிசியும் பருப்பும். நாட்டுக்கு வந்த தொழிலாளர் பணவனுப்பல் 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்து 2021இல் 5.5 ஆகவும் 2022இல் 3.8 ஆகவும் விழுந்தது. எரிபொருளுக்கு டொலர் இல்லாமல் வரிசைகள் நீண்டன. அந்த நாட்களில் உண்டியலில் அனுப்பியவர்களைத் தேசத்துரோகிகள் என்று சிலர் பேசினார்கள். சந்தையில் 240 போகும் காசுக்கு 203 தருவதென்பது மாற்றுக் கட்டணத்தின் இன்னொரு வடிவம், அதுவும் பதினைந்து சதவீதத்துக்கு மேலான கட்டணம். அதை ஏழைக் குடும்பங்கள் மட்டும் முறுமுறுக்காமல் கட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது நியாயமில்லை. வீதத்தை விட்டுக்கொடுத்து, வங்கி விலையும் வெளி விலையும் கிட்ட வந்ததும் காசு தானாகவே வங்கிக்குத் திரும்பியது: 2023இல் 6 பில்லியனை நெருங்கியது, 2024இல் 6.6 பில்லியன்.

அந்தப் பெரிய இடைவெளி மூடிய பின் எஞ்சியிருப்பது சின்னச் சின்னக் கழிவுகள். சின்னது என்பதால்தான் யாரும் பேசுவதில்லை. உலக வங்கி நெடுங்காலமாக நடத்திவரும் விலைக் கணக்கெடுப்பின்படி, 200 டொலர் அனுப்புவதற்கு உலகச் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது. 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழ் கொண்டுவருவது ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்று. இந்தச் செலவிலும் கண்ணுக்குத் தெரியும் கட்டணம் ஒரு பகுதிதான், மிச்சம் வீதத்தில் ஒளிந்திருக்கும். "கட்டணம் இல்லை" என்று எழுதியிருக்கும் சேவை, வீதத்தில் அதைவிடக் கூட எடுக்கலாம்.

இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்போம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, அறிவியல் நகரில் படிக்கும் தங்கைக்கு 100 அமெரிக்க டொலர் பெறுமதியான காசை அனுப்புகிறார். கட்டணம் 3 டொலர், வீதத்தில் 2 சதவீதம் குறைவு என்று கொண்டால் தங்கையின் கணக்கில் 28,518 ரூபாய் விழும். அதைக்கொண்டு, முன்னே பார்த்த அதே கார்டால், அதே சீனக் கடையில் அவள் வாங்கினால் 89 டொலர்ப் பொருள்தான் வாங்க முடியும். காசு ஒரு தரம் ரூபாயாகி, மறுபடி டொலரானதில் பதினொரு டொலர் போயிற்று. எங்கேயும் யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் சட்டப்படி நடந்தது. ஆனாலும் பதினொரு டொலர் போயிற்று.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் விடையும் தெரிந்துவிடுகிறது. ரூபாயாக்கவே தேவையில்லாத காசை ரூபாயாக்கக் கூடாது. அதற்கு மூன்று வழிகள் தெரியும். மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு.

எளிதானது, செலவு எந்த நாணயத்தில் இருக்கிறதோ அந்த நாணயத்தில் உழைப்பவரே நேரடியாகச் செலுத்துவது. கனடாவுக்கு விசிட் விசாவுக்கு விண்ணப்பிக்கும் தாயை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 100 கனேடிய டொலர், கைரேகைக்கு 85, இரண்டும் ஒன்லைனில் கார்டால் கட்ட வேண்டியவை. மகன் அந்த 185 டொலரை ஊருக்கு அனுப்பி, ஊரில் யாரோ ஒருவருடைய கார்டைக் கெஞ்சி வாங்கிக் கட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. கனடாவிலிருந்து மகனே தன் கார்டால் கட்டினால் கனேடிய டொலர் கனேடிய டொலராகவே போகும், ஒரு சதமும் மாற்றத்தில் கழியாது. பெற்றோருக்குக் கொழும்புப் பரிசுத் தளங்களில் கேக்கும் மளிகைப் பொதியும் பதியும் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு உண்டு, திசை மட்டும் மறுபக்கம். கனேடியக் கார்ட்கள் பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்துக்கு 2.5 சதவீதமும், பிரித்தானியக் கார்ட்கள் பல 3 சதவீதத்துக்குக் கிட்டவும் சேர்க்கின்றன. அந்தக் கட்டணமே இல்லாத கார்ட்களும் அந்த நாடுகளில் கிடைக்கின்றன; பிரித்தானியாவில் ஸ்டார்லிங், மொன்சோ போன்ற வங்கிகள் வலையமைப்பு வீதத்தையே கொடுக்கின்றன. இலங்கையில் இருப்பவருக்கு இல்லாத இந்தத் தெரிவு அங்கிருப்பவருக்கு இருப்பதால், வாங்கும் வேலையை அவரிடம் விடுவது இலாபம். ஆனால் ஒவ்வொரு நாற்பது டொலருக்கும் அண்ணாவைக் கேட்டு நிற்பது வளர்ந்த பிள்ளைக்குச் சிரமம். தன் தேவையைத் தானே தீர்க்கும் சுதந்திரத்துக்கும் பெறுமதி உண்டு. அதைக் கட்டணக் கணக்கில் மட்டும் அளந்துவிட முடியாது. கார்ட் எண்ணையும் வங்கி அனுப்பும் ஓ.ரீ.பி. குறியீட்டையும் வைபரில் அனுப்பி வாங்குவதோ ஆபத்து. உரியவர் தானே உட்கார்ந்து வாங்கி, ஊர் முகவரிக்கு அனுப்பச் சொல்வதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது வழி பலர் அறியாதது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் வந்தபோது, முன்பு பல பெயர்களில் இருந்த வெளிநாட்டு நாணயக் கணக்குகள் ஒன்றுசேர்க்கப்பட்டு, தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு என்ற ஒரு வகை உருவானது. வெளிநாட்டிலிருந்து வங்கியூடாக வரும் டொலரை, ரூபாயாக்காமல் டொலராகவே அதில் வைத்திருக்கலாம். பல வங்கிகள் அந்தக் கணக்கோடு டெபிட் கார்டும் தருகின்றன. டொலரில் வந்த காசு டொலர்க் கணக்கில் நின்று, டொலர் விலையுள்ள கடைக்கு டொலராகவே போகும்போது மாற்றம் என்ற ஒன்றே நிகழ்வதில்லை. வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மட்டும், வேண்டிய நாளில், அன்றைய வீதத்தில் ரூபாயாக்கிக்கொள்ளலாம். 2022இல் இப்படி வைத்திருந்த குடும்பத்துக்கு, 203 ரூபாய்க்கு விற்கும் கட்டாயமே இருந்திராது. ஆகக் குறைந்த மீதி, வருடக் கட்டணம், கார்டுக்கான கட்டணம் ஆகியவை வங்கிக்கு வங்கி வேறுபடும். மாதம் ஒரு சின்னப் பொருள் வாங்குகிறவருக்கு அந்தக் கட்டணங்களே மிச்சத்தைத் தின்றுவிடும். பிள்ளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறது, மென்பொருள் சந்தா கட்டுகிறது, உதிரிப் பாகம் வாங்குகிறது என்றால் கட்டாயம் கட்டுபடியாகும். யூரோவில் விலையுள்ள கடையில் டொலர்க் கார்டைப் போட்டால் மறுபடி மாற்றம் வந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

கணினியில் வெளிநாட்டு வேலை செய்து உழைக்கும் இளைஞர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பெருகிவருகிறார்கள். பேபால் இலங்கையில் நீண்ட காலம் காசு செலுத்த மட்டும் உதவியதே ஒழிய, பெற உதவவில்லை. ஆகவே பலர் பேயோனியர் போன்றவற்றில் டொலரைப் பெற்று, முழுவதையும் ரூபாய்க் கணக்குக்கு இறக்கிவிட்டு, பிறகு ரூபாய்க் கார்டால் இணைய வழங்கிக்கும் மென்பொருளுக்கும் டொலர் கட்டுகிறார்கள். தொழிலுக்கான டொலர்ச் செலவை டொலர் மீதியிலிருந்தே கட்டிவிட்டு, மிச்சத்தை இறக்குவதுதான் முறை.

மூன்றாவது, வாங்காமல் விடுவது, அல்லது உள்ளூரில் வாங்குவது. 40 டொலர்ப் பொருளுக்கு மாற்றக் கழிவு, அனுப்புகூலி, சுங்கம் எல்லாம் சேர்த்துக் கணக்கெடுத்த பிறகு, அதே பொருள் டராஸ் இணையச் சந்தையிலோ கொழும்பு மின்னணுக் கடையொன்றிலோ ரூபாயில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால், பல நேரம் வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போகிறது. பழுதென்றால் திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. மொத்தமாக இறக்கிக் கடையில் விற்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தக் கார்ட்கள் சொந்தப் பாவனைக்கான கொடுப்பனவுக்கே அனுமதிக்கப்பட்டவை, வியாபாரச் சரக்குக்கு வேறு நடைமுறை இருக்கிறது.

இவ்வளவும் தனியாள் செய்யக்கூடியவை. ஆனால் முழுப் பொறுப்பையும் தனியாளிடம் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவிலிருந்து காசு அனுப்பும் சேவைகள், காசைப் பெற்றுக்கொள்ளும் முன்பே கட்டணத்தையும் மாற்று வீதத்தையும் மறுமுனையில் பெறுபவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் எழுத்தில் காட்ட வேண்டும் என்ற விதி 2013 ஒக்டோபரில் இருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது. "கையில எவ்வளவு வரும்?" என்று வன்னித் தாய் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லும் கடமையை அங்கே சட்டம் நிறுவனத்தின் மீது சுமத்தியிருக்கிறது. இலங்கையிலும் 2023இல் மத்திய வங்கி நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. கட்டணங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் வீதத்துக்குள் கரைந்திருக்கும் 3 சதவீதம், கட்டணப் பட்டியலின் ஏதோ ஒரு மூலையில் ஒரு வரியாகக் கிடப்பது வெளிப்படுத்தல் ஆகாது. வாங்கும் நேரத்தில் ஓ.ரீ.பி. வரும் அதே குறுஞ்செய்தியில், "உங்கள் கணக்கிலிருந்து ஏறக்குறைய இத்தனை ரூபாய் வெட்டப்படும், அதில் இத்தனை ரூபாய் வங்கியின் பங்கு" என்று தமிழில் காட்டுவதற்குத் தொழினுட்பம் தடையில்லை. மத்திய வங்கி ஒவ்வொரு வேலைநாளும் வர்த்தக வங்கிகளின் டொலர் வாங்கும், விற்கும் வீதங்களின் சராசரியை வெளியிடுகிறது. அதன் பக்கத்தில், எந்த வங்கியின் கார்ட் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு எத்தனை சதவீதம் சேர்க்கிறது, எந்த வங்கியின் டொலர்க் கணக்குக்கு ஆகக் குறைந்த மீதி எவ்வளவு என்று இன்னும் இரண்டு பத்திகளைச் சேர்க்கலாம். மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அந்தப் பட்டியல் தமிழில், அந்த அலுவலகத்தின் வாசலிலும் மாவட்டத்தின் ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் தொங்க வேண்டும் என்று கேட்பது வன்னி மக்களின் நியாயமான கோரிக்கை. அது தொங்கும் வரை, டொலர்க் கணக்கு திறக்க முடியுமா, கார்டுக்கு வீதத்தில் எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்ற இரண்டையும் கிளையில் வாயால் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.